கல்லான மரங்களைப் படித்தவர் பீர்பல் சாஹ்னி



செம்மண்டலத்திலிருந்து கேப்பர் மலைப் பக்கம் போகிறவர்கள், மண் வெட்டிய மேடுகளில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கடுக்காய்த் தெரியும் மணற்பாறையைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குக் கிராவல் கொண்டு வரும் இடம் என்ற அளவில்தான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும். ஆனால் புவியியல் படிக்கிறவர்கள் அந்தப் பாறைக்கு நம் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர்கள் நூல்களில் அது கடலூர் மணற்கல். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடிக் கிடப்பதும், வடக்கே வானூர் வட்டத்துத் திருவக்கரையில் தரைக்கு மேலே தலைகாட்டுவதும் இதே பாறைதான். திருவக்கரையில் அதனுள்ளே மரங்கள் கிடக்கின்றன. கல்லாகிப் போன மரங்கள்!

பிள்ளைகளைச் சுற்றுலாவாக அங்கே அழைத்துச் செல்வோர் உண்டு. மரத்தின் வரியும் கணுவும் அப்படியே இருக்கிறது, தட்டினால் கல்லாய் ஒலிக்கிறது என்று வியந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். ஆனால் அது எந்த மரம்? எந்தக் காட்டில் வளர்ந்தது? பக்கத்தில் ஆறு ஓடியதா, கடல் இருந்ததா? மழை எவ்வளவு பெய்தது? இக்கேள்விகளுக்குக் கல்லிலிருந்தே விடை எடுக்கும் ஒரு கல்வியை நம் நாட்டில் வேரூன்றச் செய்த மனிதர் ஒருவர் இருந்தார். பீர்பல் சாஹ்னி என்பது அவர் பெயர். பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாக வந்து போகும் பெயர்தான். அந்த வாழ்க்கையைச் சற்று விரிவாக இங்கே சிந்திப்போம்.

அவர் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள மேற்குப் பஞ்சாபின் பேரா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ருச்சி ராம் சாஹ்னி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர்; பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு கொண்ட சீர்திருத்தவாதி. தாய் ஈஸ்வர் தேவி. விடுமுறை வந்தால் தந்தை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இமயமலைக்கு நடைப்பயணம் போய்விடுவார். செடி, கல், பனிப்பாறை என்று வழியில் கண்டதையெல்லாம் பார்த்துப் பழகிய கண்கள் அந்தப் பிள்ளைகளுக்கு. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே உப்பு மலைத்தொடர். பாறை அடுக்குகள் மூடுதிரை இல்லாமல் வெளியே தெரியும் இடம் அது. சிறுவயதில் பார்த்த அந்த மலை, பின்னாளில் அவரை ஒரு பெரிய வழக்கிலும் மாட்டிவிட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

1911இல் லாகூரில் பட்டம் பெற்றதும் இங்கிலாந்துக்குச் சென்று கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். மகன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்பது தந்தையின் ஆசை என்றும், மகன் தாவரவியலையே கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் சீவார்டு, கல்லுக்குள் உறைந்த தாவரங்களை ஆய்வதில் அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றவர். மாணவராய் இருக்கும்போதே, இந்திய மாணவர்களுக்கான லோசன் தாவரவியல் பாடநூலைத் திருத்தி எழுதும் பொறுப்பு சாஹ்னியிடம் வந்தது. நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்த நூல் அது. தாவரவியல் படித்த பெரியவர்கள் யாரேனும் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும்.

1919இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டத்தோடு நாடு திரும்பினார். காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் கற்பித்துவிட்டு, 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இறுதிவரை அங்கேதான் இருந்தார். 1920இல் சாவித்திரி சூரியை மணந்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊர் ஊராகக் கல் தேடிப் போன பயணங்களில் சாவித்திரி அம்மையாரும் உடன் போனார். விடுதலைப் போராட்டத்தின் பக்கம் சாய்ந்த மனம் என்பதால் பேராசிரியர் கதர் உடுத்தினார்.

இனி அவருடைய வேலைக்கு வருவோம். சுவையே இங்கேதான் இருக்கிறது.

ஒரு மரம் விழுகிறது. வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய் மணலுக்குள் புதைக்கிறது. காற்றுப் படாததால் அது மக்குவது தாமதமாகிறது. மணலுக்குள் ஊறும் நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளுக்குள் மெல்ல மெல்லப் புகுந்து படிகிறது. மரம் போய்விடும், மரத்தின் அமைப்பு மட்டும் கல்லில் நிற்கும். அந்தக் கல்லிலிருந்து ஒரு சில்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மெலிதாக்கினால், நுண்ணோக்கியில் பழைய மரத்தின் குழல்களும் கதிர்களும் தெரியும். இன்றைய மரங்களின் சீவல்களோடு ஒப்பிட்டால் உறவுமுறை விளங்கிவிடும். கேட்பதற்கு எளிது. ஒரு சீவலைச் சரியாகத் தேய்ப்பதற்கே நாள்கணக்கில் பொறுமை வேண்டும்.

நம் திருவக்கரை மரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனிக்குப் போய், ஷ்லைடன் என்னும் புகழ்பெற்ற தாவரவியலாரின் கையில் பெயர் பெற்றிருந்தது. இந்தியாவின் பழைய தொல்தாவரங்களை எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து பார்த்துத் திருத்தும் பணியைச் செய்துவந்த சாஹ்னி, 1931இல் வெளிவந்த தம் நூலில் இந்த மரத்துக்கு மெசெம்பிரியோசைலான் என்ற இனத்தில் இடம் கொடுத்தார். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. அதன் பொருள்தான் முக்கியம். அது பைன் போன்ற ஊசியிலை மரங்களோடு சேர்ந்த போடோகார்ப் குடும்பத்தை ஒத்த மரம். அந்தக் குடும்பத்தில் இன்று தென்னிந்தியாவில் தானாக வளர்வது ஒரே ஒரு மரம்தான். அதைப் பார்க்க வேண்டுமானால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குப் போக வேண்டும். முந்திரியும் சவுக்கும் நிற்கும் நம் செம்மண் காட்டில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னே அப்படிப்பட்ட மரம் வந்து புதைந்திருக்கிறது என்றால், இந்த மண்ணின் மழையும் காற்றும் அன்று வேறாக இருந்தன என்று பொருள்.

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். ஆறு நாளில் படைப்பு முடிந்ததென்றால் 2 கோடி ஆண்டு எங்கிருந்து வந்தது என்று. தொடக்க நூலின் முதல் பக்கங்கள் படைத்தவர் யார் என்பதைச் சொல்ல எழுதப்பட்டவையே தவிர, நாட்காட்டியாக எழுதப்பட்டவை அல்ல என்பதே திருஅவையின் புரிதல். பாறையின் அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்னும் அடிப்படை விதியை 1669இல் எழுதி வைத்தவரே பின்னாளில் கத்தோலிக்க ஆயரானவர்தாம். டென்மார்க்கில் பிறந்த அந்த நிக்கோலாஸ் ஸ்டேனோவை 1988இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அருளாளராக உயர்த்தினார். பெற்றோர் பயப்படாமல் பிள்ளைகளைத் திருவக்கரைக்கு அழைத்துப் போகலாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுவோம். கல்மரத்தில் ஒரு துண்டைப் பெயர்த்து வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மரத்தைச் சுற்றியிருக்கும் மண்ணும் மரத்தோடு சேர்ந்துதான் கதை சொல்கிறது. பருமணலும் கூழாங்கல்லும் இருந்தால் வேகமான ஆறு. மென்களிமண் என்றால் அசையாத நீர். கரி படிந்திருந்தால் சதுப்பு. திருவக்கரையின் மரங்களுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை, இலையும் இல்லை. அதனால்தான் அவை நின்ற இடத்தில் சாய்ந்தவை அல்ல, ஆற்றில் உருண்டு வந்தவை என்று அறிகிறோம். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரமோ கடலடிப் படிவில் கிடக்கிறது. டைனோசர் காலத்தில் கடலுக்குள் மிதந்து போய் அமிழ்ந்த மரம் அது. இடத்தை விட்டுப் பெயர்த்த துண்டு அலமாரியில் இருக்கும்வரை வெறும் கல். அது எங்கே, எந்த மண்ணில், எப்படிக் கிடந்தது என்பதை இனி எந்த சாஹ்னி வந்தாலும் படிக்க முடியாது.

இராஜ்மகால் குன்றுகளில் சாஹ்னி செய்த வேலை இதைவிட நுட்பமானது. அங்கே கல்லுக்குள் தண்டு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் கண்டெடுத்தவர் தனித்தனிச் செடி என்று எண்ணித் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். சாஹ்னி அவற்றின் உள்ளமைப்பைப் பார்த்து, மூன்றும் ஒரே செடியின் உறுப்புகள் என்று 1932இல் காட்டி, அந்தச் செடி நின்ற கோலத்தையே முழுதாக வரைந்து கொடுத்தார். அதற்குத் தம் ஆசான் சீவார்டின் பெயரைச் சூட்டினார். மறுபடியும் 1948இல் அதே குன்றுகளில் இதுவரை எந்தப் பிரிவிலும் சேராத ஒரு தாவரக் கூட்டத்தை இவ்வாறே துண்டு துண்டாகச் சேர்த்து உலகுக்கு அறிவித்தார். பென்டாக்சிலான் என்பது அதன் பெயர். இன்றும் தொல்தாவரவியல் படிக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது.

1940ஆம் ஆண்டு இந்திய அறிவியல் மாநாடு சென்னையில் கூடியது. தலைமை தாங்க வந்தவர் சாஹ்னி. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியிருந்தது. தலைமையுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் தக்காணத்தின் எரிமலைப் பாறைகள். எரிமலைக் குழம்பு பல முறை பொங்கி வழிந்தது; ஒரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் இடையே நீண்ட அமைதி இருந்தது; அந்த அமைதியில் ஏரிகள் உண்டாயின, செடிகள் முளைத்தன, மீன்கள் நீந்தின; மறுபடியும் குழம்பு வந்து அனைத்தையும் மூடியது. அப்படி மூடப்பட்ட ஏரி மண்ணில் கிடைத்த செடிகளைக் கொண்டு, அந்த எரிமலைகளின் காலம் அதுவரை பலர் எண்ணியதைவிடப் பிற்பட்டது என்று அவர் வாதிட்டார். இன்றைய அளவீடுகள் அந்தப் பெரும் வெடிப்புகளை ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இரண்டு யுகங்களின் எல்லைக்கோட்டிலேயே வைக்கின்றன. இருவருக்கும் இடையே வந்து நிற்கிறது விடை எனலாம்.

அதே படிவுகளில், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்து மோகாவ்ன் கலானில், நீப்பா என்னும் பனையின் கனி கல்லாகக் கிடைத்தது. நீப்பா உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகச் சேற்றில் வளரும் பனை. சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிச்சாவரத்தில் படகில் போய் சுரபுன்னைக் காட்டைப் பார்த்தவர்கள், அத்தகைய மரம் கடல் நீர் ஏறி இறங்காத இடத்தில் நிற்காது என்று அறிவார்கள். எனவே இன்று கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அந்த இடத்துக்கு அன்று கடலின் கரம் நீண்டிருக்க வேண்டும் என்பது சாஹ்னியின் முடிவு. ஒரு கனியை வைத்துக்கொண்டு ஒரு கடற்கரையைக் கண்டறிந்தார்!

காஷ்மீரிலும் இப்படியே. 10,000 அடிக்கும் மேலான மலைச்சரிவுகளில் பழைய ஏரி மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள், அவ்வளவு உயரத்தில் இன்று வளராத செடிகளின் இலைகள். செடி மலையேறிப் போகவில்லை, மலைதான் செடியைத் தூக்கிக்கொண்டு உயர்ந்திருக்கிறது என்றார் அவர். அதுவும் மனிதன் தோன்றிய பிறகு நடந்த உயர்வு என்று 1936இல் எழுதினார்.

எல்லாம் வெற்றியாகவே முடிந்ததா என்றால், இல்லை. உப்பு மலையைப் பற்றிப் பிறகு சொல்வதாகக் கூறினோம் அல்லவா? அங்குள்ள உப்புப் படிவு மிகத் தொன்மையானது என்று ஒரு சாரார் சொல்லி வந்தனர். 1940களில் சாஹ்னி அந்த உப்பையும் களிமண்ணையும் கரைத்துப் பார்த்தபோது பிற்காலத்துச் செடிகளின் நுண்துகள்கள் கிடைத்தன. அப்படியானால் உப்பு பிற்காலத்தது என்று உறுதியாக வாதிட்டார். புவியியலார் இரண்டு அணியாகப் பிரிந்து கருத்தரங்குகளில் மோதிக்கொண்டனர். இன்று அந்த உப்பு 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்றே அனைவரும் கொள்கின்றனர். வழக்கில் அவர் பக்கம் நிற்கவில்லை. ஆனால் ஒரு சிட்டிகை மண்ணிலுள்ள நுண்துகள்களைக் கொண்டு பாறையின் வயதைக் கேட்கும் முறை அந்த விவாதத்தால்தான் நம் நாட்டில் வலுப்பெற்றது. அவர் தோற்றார், அவர் கைக்கொண்ட வழி நிலைத்தது என்பதே நம் கருத்து.

பழங்கால நாணயங்களின் வார்ப்பு அச்சுகளை ரோத்தக் அருகே கண்டெடுத்து அதற்கும் ஒரு நூல் எழுதினார். அதைப் பற்றித் தனியே எழுதலாம், இங்கே வேண்டாம்.

தமக்குப் பின் இந்த வேலை என்னவாகும் என்ற கவலை அவரை விடவில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றால் அவருடைய துறை திசை மாறிவிடும் என்பதை அவர் அறிவார். எனவே 1946இல் தொல்தாவரவியலுக்கென்றே லக்னோவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். உலகில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் அன்று அரிது. வாழ்நாள் முழுதும் சேர்த்த கற்கள், நூல்கள், தம்முடைய சொத்து ஆகியவற்றைக் கணவனும் மனைவியும் அதற்கு எழுதிக் கொடுத்தனர். அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. பிறந்த பேரா, படித்த லாகூர், ஆய்ந்த உப்பு மலை, எல்லாம் எல்லைக்கு அப்பால் போயின. 1948இல் தந்தையும் மறைந்தார். அதே ஆண்டில் மாகாண அரசு லக்னோவில் நிலமும் ஒரு பங்களாவும் தந்தது.

கட்டடத்துக்கான அடிக்கல்லைச் சாஹ்னியே தம் கையால் அமைத்தார். வெவ்வேறு காலத்து, வெவ்வேறு இடத்துத் தொல்லுயிர்க் கற்களைப் பதித்துச் செய்த அடிக்கல் அது. 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பிரதமர் நேரு அதை நாட்டினார். பிறந்த தேதி நேருவோடு அவருக்குப் பொருந்தி வருவது ஒரு வேடிக்கை; இருவரும் நவம்பர் 14இல் பிறந்தவர்கள். விழா முடிந்து ஒரே வாரம். ஏப்ரல் 10ஆம் நாள் மாரடைப்பால் சாஹ்னி இறந்தார். வயது 57. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடவிருந்த உலகத் தாவரவியல் மாநாட்டுக்கு அவரை மதிப்புறு தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

கட்டடம் இல்லை, நிறுவியவர் இல்லை, ஒரு கல் மட்டும் நிற்கிறது. அந்நாளில் இந்த முயற்சி இதோடு முடிந்தது என்று எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். நிறுவனத்தை வளர்க்கும்படி கணவர் தம்மிடம் கேட்டுக்கொண்டதைச் சாவித்திரி அம்மையார் பற்றிக்கொண்டார். அவர் விஞ்ஞானி அல்லர். ஆனால் தலைமைப் பொறுப்பைத் தாமே ஏற்று, அரசுகளிடம் நடந்து, பணம் திரட்டி, கட்டடத்தை எழுப்பினார். 1953 சனவரி 2இல் அதே நேரு வந்து அதைத் திறந்து வைத்தார். 1969இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் என்ற பெயரில் அது இன்றும் லக்னோவில் இயங்கி வருகிறது.

நம் தென்னார்க்காட்டுக் கல்மரங்களைச் சாஹ்னிக்குப் பின் 1950களிலிருந்து விரிவாக ஆராய்ந்தவர் சி. ஜி. கே. ராமானுஜம். அவரும் பின்வந்தவர்களும் கண்டறிந்த பட்டியலில் மருதத்தின் குடும்பம் உண்டு, இலவத்தின் குடும்பம் உண்டு, புன்னையின் குடும்பம் உண்டு, மழைக்காட்டில் வானளாவ நிற்கும் குங்கிலிய மரங்களின் குடும்பமும் உண்டு. நெய்வேலி நிலக்கரியைக் கரைத்து மகரந்தத்தை எடுத்துப் பார்த்தவர்கள், அங்கே கடலோரச் சதுப்பும் அலையாத்திக் காடும் அடர்ந்த வெப்பமண்டலக் காடும் இருந்தன என்று கண்டனர். கேப்பர் மலையின் மணல் அந்த நிலத்தில் பாய்ந்த ஆறுகள் கொண்டு வந்து கொட்டியது. அந்த ஆறுகளில் ஒன்றில் உருண்டு வந்த மரங்கள்தான் திருவக்கரையில் கிடக்கின்றன.